கிடங்கு ரேக்குகள் சரிந்தால் யார் பொறுப்பு? கட்டட விதிகள் சொல்வது என்ன? - முழு விளக்கம்

புதுதில்லி: இணையவழி வணிகமும் சரக்குப் போக்குவரத்தும் வளர்ந்துவரும் நிலையில், நாட்டின் பெருநகரங்களைச் சுற்றிலும் மிகப்பெரிய சேமிப்புக் கிடங்குகள் எழுந்துள்ளன. அவற்றினுள் பத்து மீட்டர் உயரத்துக்கும் மேலாக இரும்பு ரேக்குகள் நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு தட்டிலும் டன் கணக்கில் சரக்குகள் அடுக்கப்படுகின்றன. அந்த ரேக்குகளுக்கு இடையிலான குறுகலான பாதைகளில்தான் தொழிலாளர்கள் நாள் முழுவதும் வேலை செய்கின்றனர்.

கட்டடத்தின் சுவர், கூரை, அவசர வழி ஆகியவற்றுக்கு அனுமதி பெறப்படுகிறது. ஆனால், கட்டடம் முடிந்த பிறகு உள்ளே வந்து சேரும் ரேக்குகள் பெரும்பாலும் மேசை, நாற்காலியைப் போன்ற தளவாடமாகவே கருதப்படுகின்றன. அவற்றின் வலிமையை யார் சரிபார்ப்பது, எந்த விதியின்கீழ் சரிபார்ப்பது, பழுதடைந்தால் யார் பொறுப்பேற்பது என்ற கேள்விகள் விபத்து நேர்ந்த பிறகே எழுகின்றன. இதுதொடர்பாக அறிந்துகொள்ள வேண்டிய முக்கியத் தகவல்கள் பின்வருமாறு:

கிடங்குகள் பெரிதானது ஏன்?

சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வருவதற்கு முன்பு, மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை வரியைத் தவிர்ப்பதற்காக நிறுவனங்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் சிறிய கிடங்குகளை வைத்திருந்தன. ஜிஎஸ்டிக்குப் பிறகு அந்தத் தேவை குறைந்ததால், பல மாநிலங்களுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் பெரிய கிடங்கை அமைக்கும் முறை பரவியது.

அதே ஆண்டு நவம்பரில் சரக்குப் போக்குவரத்துத் துறைக்கு மத்திய அரசு உள்கட்டமைப்பு அந்தஸ்தை வழங்கியது. குறைந்தபட்சம் ரூ.25 கோடி முதலீடும் 1 லட்சம் சதுர அடி பரப்பும் கொண்ட கிடங்குகள் இந்த வரையறைக்குள் வந்தன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி தேசிய சரக்குப் போக்குவரத்துக் கொள்கையும் வெளியிடப்பட்டது.

மகாராஷ்டிரத்தின் பிவண்டி, ஹரியாணாவின் ஃபரூக்நகர், பெங்களூருக்கு அருகே உள்ள ஹோஸ்கோட்டே, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் உள்ளிட்ட பகுதிகள் கிடங்கு மையங்களாக உருவெடுத்தன. நிலத்தின் விலை உயர உயர, பரப்பை விரிப்பதைவிட உயரத்தைப் பயன்படுத்துவதே லாபகரமானது. எனவே, ரேக்குகளின் உயரமும் அதிகரித்தது.

விபத்துகள் உணர்த்துவது என்ன?

நவீன கிடங்குகளுக்கு வெளியே, பழைய கட்டடங்களிலும் குறுகலான தெருக்களிலும் செயல்படும் கிடங்குகளே அதிக உயிர்களைப் பறித்துள்ளன.

தெலங்கானாவின் செகந்திராபாத், போயிகூடா பகுதியில் உள்ள பழைய பொருள்கள் கிடங்கில் 2022-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி அதிகாலையில் ஏற்பட்ட தீ விபத்தில், மேல்தளத்தில் உறங்கிக் கொண்டிருந்த பிகாரைச் சேர்ந்த 11 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

உத்தரப் பிரதேச மாநிலம், சம்பல் மாவட்டம், சந்தௌசியில் 2023-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் தேதி உருளைக்கிழங்கு குளிர்பதனக் கிடங்கு இடிந்து விழுந்ததில் 14 பேர் உயிரிழந்தனர். கொள்ளளவுக்கு மேல் மூட்டைகள் அடுக்கப்பட்டதாக அப்போது புகார் எழுந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி பிவண்டியில், கீழே கிடங்கும் மேலே குடியிருப்புகளும் இருந்த கட்டடம் இடிந்ததில் 8 பேர் உயிரிழந்தனர். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி லக்னௌவின் டிரான்ஸ்போர்ட் நகரில் கிடங்காகப் பயன்படுத்தப்பட்ட மூன்று மாடிக் கட்டடம் இடிந்ததிலும் 8 பேர் உயிரிழந்தனர்.

ரேக்குகள் சரிவதால் மட்டுமே நேரும் விபத்துக்கு வெளிநாட்டு நிகழ்வு ஒன்று உதாரணம். பிரேஸிலின் சாவ் லூயிஸ் நகரில் உள்ள மொத்த விற்பனை அங்காடியில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஒரு ரேக் சரிந்தது. அடுத்தடுத்த வரிசைகளும் தொடர்ச்சியாக விழுந்தன. இதில் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். 8 பேர் காயமடைந்தனர். ஓரிடத்தில் தொடங்கும் பழுது சில நொடிகளில் அரங்கம் முழுவதற்கும் பரவக்கூடும் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்வது என்ன?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) வெளியிட்டுள்ள தேசியக் கட்டட விதித் தொகுப்பு-2016, கட்டடங்களைப் பயன்பாட்டின் அடிப்படையில் பிரிக்கிறது. குடியிருப்பு, கல்வி, மருத்துவம், வணிகம், தொழிற்சாலை எனத் தொடரும் அந்தப் பட்டியலில் சேமிப்புக் கட்டடங்கள் 'ஹெச்' பிரிவில் வருகின்றன. தீயும் உயிர்ப் பாதுகாப்பும் குறித்த நான்காம் பகுதி, வெளியேறும் வழிகள், தீயைத் தடுத்து நிறுத்தும் பிரிவுகள், தீயணைப்புக் கருவிகள் ஆகியவற்றுக்கான தேவைகளை ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே வரையறுக்கிறது. 15 மீட்டர் அல்லது அதற்கு மேல் உயரமுள்ள கட்டடம் உயரமான கட்டடமாகக் கருதப்படும்.

எனினும், இத்தொகுப்பு தானாகவே சட்டமாகிவிடுவதில்லை. மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ தனது கட்டட விதிகளில் இதைச் சேர்க்கும்போதுதான் கட்டாயமாகிறது. தீயணைப்பும் மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளது. மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டமும், தில்லியில் 2007-ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிகள் சட்டமும், குஜராத்தில் 2013-ஆம் ஆண்டின் சட்டமும் நடைமுறையில் உள்ளன. மகாராஷ்டிரச் சட்டத்தின்படி, தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் இருப்பதாக உரிமம் பெற்ற முகமையின் சான்றிதழை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி மற்றும் ஜூலை மாதங்களில் அளிக்க வேண்டும்.

தரை தாங்குமா?

ஒரு கட்டடத்தைக் கிடங்காக மாற்றும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, தரை தாங்குமா என்பதே. கட்டடங்களின் மீதான சுமைகளை வரையறுக்கும் ஐஎஸ் 875 தரநிலையின் இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அதாவது, சுமார் 200 கிலோ எடை.

கிடங்குக்கோ, பொருள் அடுக்கப்படும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன் வீதம், குறைந்தபட்சம் 7.5 கிலோநியூட்டன் எனக் கணக்கிட வேண்டும். குளிர்பதனக் கிடங்குக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 5 கிலோநியூட்டன், குறைந்தபட்சம் 15 கிலோநியூட்டன்.

எளிதாகக் கூறுவதானால், வீட்டுக்காகக் கட்டப்பட்ட மாடியைக் கிடங்காக்கினால், அது வடிவமைக்கப்பட்டதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு சுமையைத் தாங்க நேரிடும். நான்கு மீட்டர் உயரத்துக்கு அடுக்கும் குளிர்பதனக் கிடங்கில் இது பத்து மடங்காகிறது. கட்டடம் உடனடியாக இடிந்துவிடுவதில்லை. பாதுகாப்புக்காக விடப்பட்ட கூடுதல் வலிமை சிறிது காலம் தாங்குகிறது. அதுவே ஆபத்தை மறைத்தும் விடுகிறது.

ரேக்குகள் விஷயத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. மூட்டைகளைத் தரையில் பரப்பி அடுக்கினால் எடை பரவலாக இறங்குகிறது. ரேக்கிலோ அது தூண்களின் வழியாகச் சில புள்ளிகளில் குவிகிறது. தலா ஒரு டன் எடையுள்ள இரண்டு பேலட்டுகளை நான்கு தட்டுகளில் வைத்தால், ஒரு பிரிவின் சுமை 8 டன். வரிசையின் நடுவே உள்ள ஒவ்வொரு தூணும் சுமார் 4 டன்னைச் சுமக்கிறது. அந்த எடை முழுவதும் உள்ளங்கை அகலமே உள்ள அடித்தகட்டின் வழியாகத் தரையில் இறங்குகிறது. தரையின் கான்கிரீட் தடிமனும் அதன் கீழுள்ள மண்ணின் இறுக்கமும் இதற்கேற்ப அமைய வேண்டும்.

ரேக் எவ்வாறு வலிமை இழக்கிறது?

ரேக்கின் தூண்கள் குளிர்நிலையில் வளைத்து உருவாக்கப்பட்ட மெல்லிய எஃகுத் தகடுகளால் ஆனவை. தட்டுகளைத் தாங்கும் பீம்களின் கொக்கிகள் தூணில் உள்ள துளைகளில் மாட்டப்படுகின்றன. கழற்றி, உயரத்தை மாற்றி மீண்டும் மாட்ட முடியும் என்பது இதன் வசதி. அதுவே இதன் பலவீனமும்கூட.

தூணின் வலிமை அதன் எஃகை மட்டும் பொறுத்ததல்ல. இரண்டு பீம்களுக்கு இடையே தாங்குதலின்றி நிற்கும் உயரத்தையும் பொறுத்தது. மெல்லிய தூண் ஒன்றின் தாங்கலற்ற உயரம் இரு மடங்கானால், அது வளைந்து நொடிவதற்கான சுமை, கோட்பாட்டளவில், நான்கில் ஒரு பங்காகக் குறையும். பெரிய பெட்டி ஒன்றை வைப்பதற்காகக் கீழ்த்தட்டின் பீமைக் கழற்றிவிடும் வழக்கம் ஆபத்தானது என்று பொறியாளர்கள் எச்சரிப்பது இதனால்தான். ஒரு தட்டு குறைந்துவிட்டது, சுமையும் குறைந்துவிட்டது என்று வெளிப்பார்வைக்குத் தோன்றும். ஆனால், தூணின் தாங்குதிறன் அதைவிட வேகமாகக் குறைந்திருக்கும்.

மற்றொரு காரணம் ஃபோர்க்லிஃப்ட் வாகனங்களின் மோதல். மெதுவாகச் செல்லும் வாகனமும் பல டன் எடை கொண்டது என்பதால், தூணின் அடிப்பகுதியில் ஒரு சிறு நசுங்கலே அதன் வலிமையைப் பெரிதும் குறைத்துவிடும். பீம்களின் பாதுகாப்புப் பின்கள் இல்லாவிட்டால், பேலட்டை எடுக்கும்போது ஃபோர்க்லிஃப்டின் முள்கரங்கள் பீமைக் கொக்கியிலிருந்து தூக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

இந்தியாவில் ரேக் வடிவமைப்புக்கு எஃகுக் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 800, குளிர்நிலையில் வளைக்கப்பட்ட எஃகுக்கான ஐஎஸ் 801, நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 1893 ஆகியவற்றுடன், ஐரோப்பியத் தரநிலையான இஎன் 15512, அமெரிக்க ரேக் உற்பத்தியாளர்கள் அமைப்பின் தரநிலை ஆகியவையும் பின்பற்றப்படுகின்றன. இஎன் 15512 தரநிலைப்படி, சுமை ஏற்றப்பட்ட பீம் தனது நீளத்தில் 200-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது. 2.7 மீட்டர் நீள பீமுக்கு இது 13.5 மில்லிமீட்டர்.

அனுமதி தேவையா? அமெரிக்காவின் நடைமுறை

அமெரிக்காவின் பல மாகாணங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித் தொகுப்பு, 5 அடி 9 அங்குலத்துக்கு (1.75 மீட்டர்) மேற்படாத, தரையில் பொருத்தப்படாத ரேக்குகளுக்கு மட்டுமே அனுமதியிலிருந்து விலக்களிக்கிறது. அதைவிட உயரமானவற்றுக்குக் கட்டட அனுமதி தேவை. பொருள்கள் 12 அடிக்கு மேல் அடுக்கப்பட்டால், எளிதில் தீப்பற்றும் பொருள்களாயின் 6 அடிக்கு மேல் அடுக்கப்பட்டால், அது 'உயர் அடுக்குச் சேமிப்பு' என வகைப்படுத்தப்பட்டுத் தீயணைப்பு விதிகளின்கீழ் வருகிறது. ரேக் என்பது தளவாடமல்ல, ஒரு கட்டமைப்பு என்ற பார்வையே இதன் அடிப்படை.

நிலநடுக்க அபாயம்

ஐஎஸ் 1893 தரநிலையின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு, நாட்டை 2 முதல் 5 வரையிலான நான்கு நிலநடுக்க மண்டலங்களாகப் பிரிக்கிறது. வடகிழக்கு மாநிலங்களும் குஜராத்தின் கட்ச் பகுதியும் மிக அதிக அபாயமுள்ள 5-ஆம் மண்டலத்திலும், தில்லி 4-ஆம் மண்டலத்திலும் உள்ளன.

சாதாரணக் கட்டடத்தில் எடையின் பெரும்பகுதி சுவர், தளம் போன்ற கட்டடத்தின் உறுப்புகளிலேயே உள்ளது. ரேக்கிலோ நிலைமை தலைகீழ். அதன் சொந்த எடை மிகக் குறைவு, சரக்கின் எடையே பெரும்பகுதி. நிலம் அதிரும்போது அந்தச் சரக்கு முழுவதும் உயரத்தில் இருந்தபடி ரேக்கைப் பக்கவாட்டில் இழுக்கிறது. எனவே, ஒவ்வொரு தூணும் ஆங்கர் போல்ட் மூலம் தரையுடன் பிணைக்கப்படுவதும், குறுக்குச் சட்டங்கள் முழுமையாக இருப்பதும் அவசியம். அடர்ந்த சரக்குகளைக் கீழ்த்தட்டுகளில் வைப்பதும் அபாயத்தைக் குறைக்கும். தில்லிக்குப் பொருந்தும் என வடிவமைக்கப்பட்ட ரேக்கை அப்படியே கழற்றி குவாஹாட்டியில் நிறுத்துவது சரியல்ல. மண்டலம் மாறும்போது கணக்கும் மாற வேண்டும்.

தீயும் ரேக்கின் இடைவெளியும்

தரையில் பரப்பிய பொருளில் பற்றும் தீயைவிட, ரேக்கில் அடுக்கிய பொருளில் பற்றும் தீ மிக வேகமாக மேலேறும். பேலட்டுகளுக்கு இடையிலான செங்குத்து இடைவெளி புகைபோக்கியைப் போலச் செயல்படுவதே காரணம். அப்படியானால் இடைவெளியை அடைத்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால், கூரையில் உள்ள நீர்த்தெளிப்பான்களின் தண்ணீர் கீழ்த்தட்டுகளை அடையவும் அதே இடைவெளிதான் வழி. அதை அடைத்தால் தண்ணீர் மேல்தட்டிலேயே தங்கிவிடும். தீயோ உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவில் நீர்த்தெளிப்பான் அமைப்புகளுக்கு ஐஎஸ் 15105 தரநிலை உள்ளது. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 13 தரநிலையும் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. அத்தரநிலைப்படி, பேலட்டுகளுக்கு இடையே சுமார் 6 அங்குலக் குறுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அடுக்கின் உச்சிக்கும் நீர்த்தெளிப்பானுக்கும் இடையே சாதாரண வகைக்கு 18 அங்குலமும், தொடக்கத்திலேயே தீயை அடக்கும் 'இஎஸ்எஃப்ஆர்' வகைக்கு 36 அங்குலமும் விட வேண்டும்.

பண்டிகைக் காலத்தில் கூடுதல் சரக்கு வந்து குவியும்போது, மேல்தட்டில் இன்னும் ஒரு வரிசை ஏற்றப்படும். ரேக்குகளுக்கு இடையிலான பாதையில் பெட்டிகள் அடுக்கப்படும். அவசர வழியின் முன் பேலட் நிறுத்தப்படும். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று பெற்ற நாளில் இருந்த கிடங்கும், தீ பற்றும் நாளில் இருக்கும் கிடங்கும் ஒன்றல்ல என்று ஆகிவிடுவது இவ்வாறுதான்.

ஆய்வு எப்படி நடைபெற வேண்டும்?

பயன்பாட்டில் உள்ள ரேக்குகளின் பராமரிப்புக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 15635, மூன்று நிலைகளில் கண்காணிப்பைக் கோருகிறது. பணியாளர்கள் எந்தப் பழுதைக் கண்டாலும் உடனே தெரிவிப்பது முதல் நிலை. நிறுவனத்தில் இதற்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட ஒருவர் வாரந்தோறும் அல்லது அபாயத்துக்கேற்ற இடைவெளியில் பார்வையிடுவது இரண்டாம் நிலை. 12 மாதங்களுக்கு மிகாமல் ஒருமுறை தகுதிபெற்ற வல்லுநர் ஆய்வு செய்வது மூன்றாம் நிலை.

ஒரு மீட்டர் நீளமுள்ள நேர்கோலைத் தூணின் மீது வைத்து வளைவை அளக்கலாம். தூணுக்கு வளைவின் திசையைப் பொறுத்து 3 அல்லது 5 மில்லிமீட்டர், குறுக்குச் சட்டங்களுக்கு 10 மில்லிமீட்டர் என்பது வரம்பு. சேதம் மூன்று வண்ணங்களாகப் பிரிக்கப்படுகிறது.

பச்சை: வரம்புக்கு உள்பட்ட சேதம். பதிவு செய்து தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

மஞ்சள்: வரம்பைத் தாண்டிய, ஆனால் அதன் இரு மடங்கை எட்டாத சேதம். சரக்கை இறக்கிய பின் பழுது நீக்காமல் மீண்டும் ஏற்றக் கூடாது. நான்கு வாரங்களுக்குள் சரிசெய்யாவிட்டால் சிவப்பு நிலையாகக் கருத வேண்டும்.

சிவப்பு: வரம்பின் இரு மடங்கையோ அதற்கு மேலோ எட்டிய சேதம். உடனடியாகச் சரக்கை இறக்கி, அப்பகுதியைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும்.

வளைந்த தூணைச் சுத்தியலால் அடித்தோ சூடாக்கியோ நிமிர்த்துவதும், உற்பத்தியாளரின் ஒப்புதலின்றிப் பற்றவைப்பதும் தீர்வாகாது. எஃகின் வலிமை அதனால் மாறிவிடும் என்பதால், அந்த உறுப்பையே மாற்றுவதே முறை.

தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகள்

பொருளை உற்பத்தி செய்யாமல் சேமித்து அனுப்ப மட்டும் செய்யும் பல கிடங்குகள், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே இருந்துவந்தன. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம்-2020, தொழிற்சாலைகள் சட்டம் உள்பட 13 சட்டங்களை ஒன்றிணைத்துள்ளது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட வணிக இடங்களும் இதன் வரையறைக்குள் வருகின்றன.

பணியிடத்தை ஆபத்தின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என இச்சட்டம் கூறுகிறது. பாதுகாப்பு தொடர்பான தகவல்களைக் கேட்டறியத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. கடும் காயமோ உயிரிழப்போ உடனடியாக நேரக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அதை முதலாளியின் கவனத்துக்குக் கொண்டுசெல்லலாம். 'ஆய்வாளர்-வசதியாளர்' என அழைக்கப்படும் அரசு அலுவலரிடமும் தெரிவிக்கலாம்.

கட்டட உரிமையாளர் ஒருவர், கிடங்கை நடத்தும் நிறுவனம் மற்றொன்று, ஆள்களை அனுப்பும் ஒப்பந்ததாரர் வேறொருவர் என்ற நிலை இத்துறையில் சகஜம். தரைக்கு உரிமையாளர், ரேக்குக்கு வாடகைதாரர், பயிற்சிக்கு ஒப்பந்ததாரர் எனப் பொறுப்பு பிரிந்து கிடக்கும்போது, யாரும் பொறுப்பேற்காமல் போகும் அபாயம் உள்ளது. வாடகை ஒப்பந்தத்திலேயே ரேக்கின் ஆய்வு, பழுதுநீக்கம் ஆகியவற்றுக்கான பொறுப்பை எழுத்துபூர்வமாகக் குறிப்பிடுவது இதைத் தவிர்க்க உதவும்.

கிடங்கில் கவனிக்க வேண்டியவை

* ஒவ்வொரு வரிசையின் முனையிலும், ஒரு தட்டின் சுமை வரம்பையும் ஒரு பிரிவின் மொத்தச் சுமை வரம்பையும் குறிக்கும் பலகை உள்ளதா? அது தொழிலாளர்கள் படிக்கக்கூடிய மொழியில் உள்ளதா?

* பலகையில் காட்டப்பட்டுள்ள தட்டுகளின் உயரமும், தற்போது உள்ள உயரமும் ஒன்றா?

* எல்லாத் தூண்களிலும் ஆங்கர் போல்ட்டுகளும், எல்லா பீம்களின் இரு முனைகளிலும் பாதுகாப்புப் பின்களும் உள்ளனவா?

* வாகனங்கள் திரும்பும் முனைகளில் உள்ள தூண்களுக்கு மோதல் தடுப்பு பொருத்தப்பட்டுள்ளதா?

* உடைந்த பேலட்டுகள் பயன்பாட்டிலிருந்து அகற்றப்படுகின்றனவா?

* நீர்த்தெளிப்பானுக்குக் கீழே போதிய இடைவெளி உள்ளதா? அவசர வழிகள் திறந்துள்ளனவா?

* கிடங்கினுள் எவரேனும் இரவில் தங்குகிறார்களா?

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிபார்க்கப் பொறியாளரோ கருவியோ தேவையில்லை. கிடங்கினுள் ஒருமுறை நடந்து பார்த்தாலே போதும். கடைசிக் கேள்விக்கான பதில் 'ஆம்' என்றால், மற்ற எதற்கும் முன்பாக அதைத்தான் சரிசெய்ய வேண்டும். செகந்திராபாதில் உயிரிழந்த 11 பேரும் தீ பற்றிய நேரத்தில் கிடங்கின் மேல்தளத்தில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள்.